ஓடத் தொடங்கும் விமானமும் பிடித்துக்கொண்ட பிறேக்கும்

பிறேக்கு என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனத்தில் எழுவது, ஓடிவரும் வண்டியொன்று நிற்க வேண்டிய இடத்தில் நில்லாது போகும் காட்சியே. ஆகாய விமானத்தைப் பற்றிய பேச்சிலும் இவ்வாறே. பிறேக்குப் பழுது என்றால், இறங்கிய விமானம் ஓடுபாதையைத் தாண்டி அப்பாலுள்ள வெளியிற் போய் நின்றது என்றே கொள்வோம். ஆயின் வானை நோக்கி எழ முயலும் விமானத்துக்கும் பிறேக்கினாற் கேடு வருவதுண்டு. அக்கேடு பெரும்பாலும் பிறேக்குப் பிடியாமையால் வருவதன்று, பிடிப்பதனால் வருவது. அஃது எவ்வாறு நிகழ்கின்றது என்பதையும், விமானி அதனை ஏன் உரிய வேளையில் அறிவதில்லை என்பதையும் நிகழ்ந்த விபத்துக்கள் சிலவற்றைக் கொண்டு இங்கு ஆராய்வோம். பிறேக்கைத் 'தடுப்பு' என வழங்குவாரும் உளர். எனினும் எமது கல்லூரிச் சைக்கிள் கொட்டகையில் எவரும் வழங்கியறியாத சொல்லை இங்கு புகுத்த யான் விரும்பவில்லை. பிறேக்கு என்றே எழுதுகின்றேன்.

அச்சைக்கிள் கொட்டகையிலிருந்தே தொடங்கலாம். சைக்கிளின் பிறேக்குக் கட்டை சக்கரத்தின் விளிம்பிற் சற்றே உரசிக்கொண்டிருக்கிறது என வைத்துக்கொள்வோம். ஏறி மிதிப்பவன் அதனை உடனே அறிவதில்லை. எதிர்க்காற்று என்று நினைப்பான்; இராத் தூக்கம் போதவில்லை என்று நினைப்பான்; இன்னும் ஊன்றி மிதிப்பான். வந்து சேர்ந்தபின் விளிம்பைத் தொட்டுப் பார்த்தாலன்றோ அது சுடுகின்றது என்பது தெரியும்! இச்சிறு அனுபவத்தில் இரண்டு செய்திகள் அடங்கியுள்ளன. பிடித்துக்கொண்ட பிறேக்கு தன்னை வெளிக்காட்டுவதில்லை என்பது ஒன்று. அது திருடிய சத்தியெல்லாம் வெப்பமாகி அங்கேயே தங்கிவிடும் என்பது மற்றொன்று. நூறு தொன்னுக்கு மேற்பட்ட திணிவுடைய ஒரு யந்திரத்தில் இவை என்ன செய்யும் என்பதே நமது பொருள்.

விமானம் எழும் முறையை முதலிற் சுருக்கமாக நோக்குவோம். ஓடுபாதையின் ஒரு முனையில் நின்று, எஞ்சின்களை உரிய விசையிற் செலுத்தி ஓடத் தொடங்கும் விமானம் குறித்தவொரு வேகத்தை அடைந்ததும் விமானி கட்டுப்பாட்டுத் தண்டைத் தம்மை நோக்கி இழுப்பார். வாலிலுள்ள தட்டு அசைந்து வாலைக் கீழே அழுத்த மூக்கு மேலெழும். இறக்கைகள் காற்றை எதிர்கொள்ளும் கோணம் கூடும். விமானம் தரையை விட்டு நீங்கும். அவ்வேகத்தை அடைவதற்குச் சற்று முன்னரோ, அதனோடு ஒட்டியோ வேறொரு வேகம் உண்டு. அதனைத் தீர்மான வேகம் என்போம். அதற்குள் கோளாறு ஏதும் தோன்றின் ஓட்டத்தைக் கைவிட்டு, எஞ்சியுள்ள பாதையிலேயே நின்றுவிடலாம். அதனைக் கடந்தபின் நிற்க முயன்றாற் பாதை போதாது. எஞ்சின் ஒன்று நின்றுபோயினும் மற்றவற்றைக் கொண்டு எழுந்தே தீரவேண்டும்.

இவ்வேகங்கள் யாவும் விமானத்தின் பாரம், காற்றின் வெப்பநிலை, பாதையின் நீளம் முதலியவற்றைக் கொண்டு புறப்படுமுன்னரே கணிக்கப்படுவன. கணிதம் பயிலும் மாணவர் இங்கே ஒன்றைக் கவனித்தல் நன்று. இக்கணக்கின் அடியில் எவரும் எழுதிக்காட்டாத ஓர் எடுகோள் ஒளிந்திருக்கிறது. சக்கரங்கள் தடையின்றி உருளும் என்பதே அது. அந்த எடுகோள் பொய்த்துவிட்டால், விமானம் தீர்மான வேகத்தை அடையும் இடம் முன்னே தள்ளிப்போய்விடும். விமானியின் கண்முன் இருப்பதோ வேகத்தைக் காட்டும் கருவி. இத்தனை வேகத்தைப் பெறுவதற்கு எத்தனை தூரம் செலவாயிற்று என்பதைக் காட்டும் கருவி பெரும்பாலான விமானங்களில் இருந்ததில்லை. கருவி காட்டும் எண் கணக்கில் உள்ள எண்ணாகவே இருக்கும். அவ்வெண்ணை நம்பி நிற்கவோ எழவோ தேவையான பாதை மட்டும் இல்லாதிருக்கும்.

2011 ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம் 7 ஆந் திகதி உருசிய நாட்டில் நிகழ்ந்ததைப் பார்ப்போம். யாரோஸ்லாவ் நகருக்கு அண்மையிலுள்ள துனோஷ்னா விமானத் தளத்திலிருந்து யாக்-42 என்னும் மூன்று எஞ்சின் விமானமொன்று மின்ஸ்க் நகருக்குப் புறப்பட்டது. லொக்கொமோட்டிவ் என்னும் புகழ்பெற்ற ஐஸ் ஹொக்கி அணியினர் அதில் இருந்தனர். அப்பருவத்தின் முதலாட்டத்தை மின்ஸ்கில் ஆடுவதற்காக அவர்கள் சென்றனர். விமானப் பணியாளரோடு மொத்தம் 45 பேர். வானிலையிற் குறையில்லை, எஞ்சின்களிலும் குறையில்லை. பாதை 3,000 மீற்றர் நீளமுடையது. அவ்விமானத்துக்கு அது தாராளம். அவ்வாறிருந்தும் விமானம் எழவில்லை. பாதையின் முடிவையுங் கடந்து ஏறத்தாழ 400 மீற்றர் தூரம் தரையில் ஓடியபின், மூக்கைச் செங்குத்தாக நிமிர்த்தியதுபோல் எழுந்து, சில மீற்றர் உயரத்தில் வானொலிக் கம்பமொன்றில் மோதி ஆற்றங்கரையில் வீழ்ந்தது. விமானப் பொறியியலாளர் ஒருவரே உயிர்தப்பினார். ஏனைய 44 பேரும் மாண்டனர். அவருள் விளையாட்டு வீரர் ஒருவர் ஐந்து நாட்கள் வைத்தியசாலையிற் போராடி இறந்தார்.

சோவியத் ஒன்றியத்திலிருந்து பிரிந்த நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விமான விசாரணைக் குழு இதனை ஆராய்ந்தது. பதிகருவிகளிற் கிடைத்த தரவுகளை ஆராய்ந்தும், அதே வகை விமானத்தைக் கொண்டு பரிசோதனை ஓட்டங்கள் செய்து பார்த்தும் அவர்கள் கண்ட முடிவு இது: ஓட்டத்தின்போது விமானி அறையிற் பிறேக்கு மிதிக்கப்பட்டிருந்தது. யந்திரத்தின் பழுதன்று, ஒருவரின் பாதம்.

விமானி அறையின் அமைப்பை அறியாதவருக்கு இது நம்பத்தகாததாய்த் தோன்றும். மோட்டார் வண்டியில் உள்ளதுபோல் விமானத்தில் பிறேக்குக்கென வேறொரு மிதி இல்லை. வாற்சுக்கானைத் திருப்பும் இரு மிதிகளின் மேற்பகுதியிலேயே பிறேக்கும் உண்டு. மிதியின் அடிப்பகுதியைத் தள்ளினாற் சுக்கான் திரும்பும். கால்விரற் பக்கத்தால் மேற்பகுதியை அமுக்கினாற் பிறேக்குப் பிடிக்கும். ஆகவே யாக்-42 இல் எழும்போது குதிக்காலைத் தரையில் ஊன்றி வைத்திருத்தல் வேண்டும். அவ்விமானிகள் இருவரும் முன்னர் யாக்-40 என்னுஞ் சிறிய விமானத்தை ஓட்டிப் பழகியவர்கள். அதன் மிதிகளிற் பாதம் வைக்கும் முறை வேறு. அங்கே பழகிய கால், இங்கேயும் மிதியின்மேல் முழுமையாக ஏறி அமர்ந்துகொண்டது. நெடுநாட் பழக்கம் உடம்பினுள் எத்துணை ஆழமாகப் பதியும் என்பதற்கு இதனிலும் கொடிய சான்று கிடைப்பதரிது. இரண்டாம் விமானிக்குக் கால்களின் உணர்ச்சியைக் குன்றச் செய்யும் நரம்பு நோய் ஒன்றிருந்ததும், அவர் உடலில் நரம்பு மண்டலத்தை மந்தப்படுத்தும் மருந்தொன்று காணப்பட்டதும் விசாரணையில் வெளிவந்தன. தாம் மிதித்துக்கொண்டிருப்பதைத் தாமே உணராத ஒருவர் அங்கு இருந்திருக்கலாம்.

இனிப் பௌதிகத்துக்கு வருவோம். பிறேக்குப் பிடித்ததனால் வேகம் கூடாது என்பது எல்லோருக்கும் விளங்கும். அவ்விமானத்தின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 230 கிலோமீற்றரில் நின்றுவிட்டது. ஆனால் அதனினும் நுட்பமான கேடொன்று உண்டு. பிறேக்கின் விசை எங்கே தாக்குகின்றது? சக்கரம் நிலத்தைத் தொடும் இடத்தில், பின்னோக்கி. விமானத்தின் திணிவு மையமோ அதற்குச் சில மீற்றர் மேலே உள்ளது. ஆகவே அவ்விசை விமானத்தை மூக்குக் குப்புறத் திருப்ப முயலும். சைக்கிளில் முன் பிறேக்கை இறுகப் பிடித்துத் தலைகுப்புற விழுந்த அனுபவமுடையோர் நம்முட் பலர் இருப்பர். அதே திருப்பந்தான் இது. விமானி தண்டை இழுத்து மூக்கை உயர்த்த முயல்கிறார். பிறேக்கு மூக்கைக் கீழே அமுக்குகிறது. மூக்கு எழாததைக் கண்ட விமானி தண்டை மேலும் வலித்து இழுக்கிறார். இரு கைகளாலும் ஒன்றை வலித்து இழுப்பவனின் கால்கள் என்ன செய்யும்? முன்னே ஊன்றி உதைக்கும். கிணற்றிற் கப்பியிழுத்தவர்க்குச் சொல்லவேண்டியதில்லை. இழுக்க இழுக்கப் பிறேக்கு இறுகுகிறது. இறுக இறுக மூக்கு எழ மறுக்கிறது. ஈற்றிற் கால் விலகிப் பிறேக்கு விட்டதும், முழு இழுப்பிலிருந்த வாற்றட்டை எதிர்க்க எதுவுமின்றி மூக்குத் திடீரென மிகையாக உயர்ந்தது. அப்போது அந்த வேகத்தில் இறக்கைகள் விமானத்தைத் தாங்கவில்லை.

அவ்விமானத்தை நிறுத்தியிருக்கலாமா என்பதே என் மனத்தை உறுத்தும் வினா. நிறுத்தியிருக்கலாம். வேகம் ஏறவேண்டிய அளவுக்கு ஏறவில்லை என்பது தெளிவான வேளையிற் பாதை இன்னும் போதிய அளவு இருந்தது. ஆனால் 'இத்தனை தூரத்துக்குள் இத்தனை வேகம் வராவிடின் நிறுத்து' என்ற திட்டமான விதியொன்று அவர்கள் கையில் இருக்கவில்லை. இருவர் செயலும் ஒன்றோடொன்று இயைந்திருக்கவுமில்லை. புதிய விமானத்துக்கு அவர்களைப் பயிற்றிய முறையிற் கடுமையான குறைகள் இருந்தன என்றும் விசாரணை கூறியது. பாதம் ஒருவருடையதாயினும், அப்பாதத்தை அங்கே கொண்டுவந்து வைத்தவர் பலர். இறந்துபோன விமானியின்மேல் முழுப் பழியையும் ஏற்றிவிட்டு ஏனையோர் வீடு செல்வது எளிது. அவர் மறுத்துரைக்க வரமாட்டார் அல்லவா?

மனிதனின் கால் இல்லாமலே பிறேக்குப் பிடித்துக்கொண்ட கதைக்கு நாற்பது ஆண்டுகள் பின்னே செல்லவேண்டும். 1970 ஆம் ஆண்டு நவம்பர் 27 ஆந் திகதி, அலாஸ்காவின் அங்கரேஜ் விமானத் தளம். வியட்நாம் போருக்குச் செல்லும் அமெரிக்கப் படைவீரரை ஏற்றிய டி.சி.-8 விமானமொன்று அங்கே எண்ணெய் நிரப்பிக்கொண்டு யப்பானை நோக்கிப் புறப்பட்டது. அதில் 229 பேர் இருந்தனர். உறைபனித் தூறல், ஓடுபாதையின்மேல் பனிக்கட்டிப் படலம். விமானம் ஓடத் தொடங்கிய வேளையில் அதன் பிரதான சக்கரங்களில் ஒன்றேனும் உருளவில்லை. எட்டுச் சக்கரங்களும் பிறேக்கினாற் பூட்டுண்டு கிடந்தன.

பூட்டுண்ட சக்கரத்தோடு விமானம் எவ்வாறு ஓடும் என்று மாணவர் வினவலாம். பனிக்கட்டி என்பதே அதற்கு விடை. வரண்ட பாதையாயின் விமானம் அடியெடுத்து வைக்கும்போதே விமானி ஏதோ பிழை என்று அறிந்திருப்பார். பனிக்கட்டியின்மேல் உராய்வு மிகக் குறைவாதலால், உருளாத சக்கரம் வழுக்கிச் சென்றது. முதலிற் சில நூறு மீற்றர் தூரத்துக்கு விமானம் ஏறத்தாழ வழமைபோலவே வேகம் பெற்றது. ஆனால் வழுக்கும் ரயர் ஒரே இடத்திலே தேய்ந்துகொண்டிருந்தது. அடியிலிருந்த றப்பர் வெந்து, தேய்ந்து, ரயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன. பின்னர் உலோக விளிம்புகளே பாதையில் உராய்ந்தன. தடை பெருகிற்று, எழுதற்கு வேண்டிய வேகம் கிட்டவில்லை. விமானம் பாதையைத் தாண்டியோடி உடைந்து தீப்பற்றியது. 47 பேர் மாண்டனர்.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை, எல்லாச் சக்கரங்களையும் பூட்டவல்ல அமுக்கம் பிறேக்கு அமைப்புக்குள் சென்றிருந்தது என உறுதியாகக் கூறியது. அந்த அமுக்கம் எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் அதனாற் கண்டறிய முடியவில்லை. எண்ணெய் அமுக்க அமைப்பிற் கோளாறு நேர்ந்திருக்கலாம்; நிறுத்திவைக்கும் பிறேக்கு அறியாமற் பூட்டப்பட்டே இருந்திருக்கலாம். யாரோஸ்லாவில் நிகழ்ந்ததையும் இதையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, பிறேக்கு எதனாற் பிடித்தது என்பதைவிட, பிடித்ததை அறிவிக்க அங்கு ஒன்றுமில்லை என்பதே எனக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது.

இதுவரை தடையைப் பற்றிப் பேசினோம். வெப்பம் இன்னொரு கதை. அது தாமதித்து வருவது. இயக்கச் சத்தி திணிவின் பாதியை வேகத்தின் வர்க்கத்தாற் பெருக்க வருவது என்பதைக் கீழ்வகுப்பிலேயே படிக்கின்றோம். 150 தொன் திணிவுடைய விமானமொன்று விநாடிக்கு 75 மீற்றர் வேகத்தில் ஓடும்போது அதன் இயக்கச் சத்தி ஏறத்தாழ 42 கோடி யூல் ஆகும். நம் நாட்டுக் கிணற்றுநீர் 30 பாகை வெப்பநிலையில் உள்ளதெனக் கொண்டால், 1,400 லீற்றருக்கு மேற்பட்ட நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இச்சத்தி போதும். காற்றின் தடையும் எஞ்சின்களின் எதிர்விசையும் அதில் ஒரு பங்கை ஏற்றாலும், எஞ்சிய பெரும்பங்கை அடுக்கடுக்கான சில வட்டத் தட்டுகள் அரை நிமிடத்துக்குள் விழுங்கிக்கொள்ள வேண்டும். வேகம் பத்து வீதம் கூடினாற் சத்தி இருபத்தொரு வீதம் கூடும் என்பதையும் மறத்தலாகாது. அவ்வாறு விழுங்கிய வெப்பம் உடனே வெளியேறுவதில்லை. தட்டுகளிலிருந்து மெல்ல மெல்லச் சக்கரத்துக்கும் ரயருக்கும் பரவும். விமானம் நின்று பத்துப் பதினைந்து நிமிடங்கள் சென்ற பின்னரே ரயரின் பக்கம் மிகக் கூடிய வெப்பநிலையை அடைதல் உண்டு.

1963 ஆம் ஆண்டு செப்ரெம்பர் 4 ஆந் திகதி காலை, சுவிற்சலாந்திலுள்ள சூரிச் விமானத் தளத்தில் அடர்ந்த மூடுபனி. ஜெனீவா வழியாக உரோமுக்குச் செல்லவிருந்த சுவிசெயார் நிறுவனத்தின் கரவெல் விமானம், பாதை தெரிகின்றதா என்று பார்ப்பதற்காக ஓடுபாதையில் ஒருமுறை போய்த் திரும்பிவந்தது. போகும்போது மூடுபனியைக் கலைத்தற்பொருட்டு எஞ்சின்களை மிகுந்த விசையிற் செலுத்தினர். எஞ்சின் முன்னே தள்ளும். ஆனால் விமானம் மெல்லவே செல்லவேண்டும். எனவே பிறேக்கினாற் பிடித்துக்கொண்டே சென்றனர். தள்ளுவதும் தடுப்பதும் ஒருங்கே நிகழ்ந்தமையால் எஞ்சினின் சத்தியிற் பெரும்பங்கு பிறேக்கிலே வெப்பமாயிற்று. திரும்பிவந்து, அவ்வெப்பத்தோடே எழத் தொடங்கினர்.

மகனீசியம் கலந்த கலப்புலோகத்தாலான சக்கர விளிம்பொன்று வெப்பந் தாங்காது வெடித்தது. விமானம் அதனை அறியாது எழுந்தது. வழமைபோற் சக்கரங்களை உள்ளே மடித்துக்கொண்டது. எரியும் அடுப்பைத் துணியிற் சுற்றி மடியிற் கட்டிக்கொண்டது போலாயிற்று அது. சக்கரக் கூட்டினுள்ளே தீப்பற்றி, அருகே செல்லும் குழாய்களையும் விமானத்தைக் கட்டுப்படுத்தும் உறுப்புக்களையும் தின்றது. எழுந்து பத்து நிமிடம் ஆகுமுன் விமானம் டூரனேஷ் என்னுங் கிராமத்தருகே வீழ்ந்து 80 பேரும் மாண்டனர். உடைந்த சக்கர விளிம்பின் துண்டுகள் சூரிச் ஓடுபாதையிலே கண்டெடுக்கப்பட்டன.

அந்த 80 பேருள் 43 பேர் ஹும்லிக்கோன் என்னும் ஒரே ஊரவர். அச்சிற்றூரின் மக்களில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கினர். எல்லோரும் கமக்காரர் குடும்பத்தினர். ஜெனீவாவுக்கு அண்மையில் நடைபெறும் பயிர்ச்செய்கைப் பரிசோதனைகளைப் பார்த்துவரப் புறப்பட்டவர்கள். கணவனும் மனைவியுமாகச் சென்றமையாற் பல வீடுகளிற் பிள்ளைகள் ஒரே காலையிற் தாயையுந் தந்தையையும் இழந்தனர். அறுவடைக் காலம் வேறு. வயலில் விளைந்து கிடந்ததை வெட்டி வீடு சேர்க்க ஆளில்லை. பிற ஊர்களிலிருந்து தொண்டர்கள் வந்து அவ்வருட வேலைகளைச் செய்துகொடுத்தார்கள். விமானத்தின் பிறேக்கைப் பற்றிய கட்டுரையில் இது ஏன் என்று கேட்பார் இருக்கலாம். விபத்தறிக்கைகளிற் காணும் எண்களுக்குப் பின்னே இத்தகைய ஊர்கள் இருக்கின்றன என்பது யந்திரத்தைப் படிக்கும் மாணவர்க்குத் தெரிந்திருத்தல் வேண்டும்.

வெப்பத்தின் தாமதம் இன்னும் நீளலாம். 1986 ஆம் ஆண்டு மார்ச் 31 ஆந் திகதி மெக்சிக்கோ நகரிலிருந்து எழுந்த போயிங் 727 விமானமொன்றிற் சக்கரம் உள்ளே மடிக்கப்பட்ட பின்னர், வானில் உயர்ந்து சென்றுகொண்டிருந்த வேளையில், பழுதுற்ற பிறேக்கினாற் சூடேறிய ரயர் வெடித்தது. அதில் நிரப்பப்பட்டிருந்தது நைதரசன் அன்று, சாதாரண காற்று. மிகச் சூடேறிய றப்பரிலிருந்து எழும் ஆவி, காற்றிலுள்ள ஒட்சிசனோடு கலந்தால் அது வெடிமருந்தே. 167 பேர் உயிரிழந்தனர். பெரிய விமானங்களின் ரயர்களுக்கு நைதரசன் நிரப்புதல் அதன் பின்னரே கட்டாயமாக்கப்பட்டது. 1991 இல் ஜெத்தாவில் யாத்திரிகரும் விமானப் பணியாளருமாக 261 பேரைப் பலிகொண்ட டி.சி.-8 விபத்தும் சக்கரக் கூட்டுத் தீயே. ஆனால் அங்கே மூலகாரணம் காற்றுக் குறைந்த ரயர். ஆதலின் அதனை இத்துடன் விடுகின்றேன்.

பிறேக்குப் பிடியாமையால் எழும்போது கேடு நேர்வதேயில்லையோ எனின், உண்டு. ஓட்டத்தைக் கைவிட்டு நிற்க முயலும்போது. 1988 ஆம் ஆண்டு மே 21 ஆந் திகதி அமெரிக்காவின் டலஸ் நகரில் டி.சி.-10 விமானமொன்று தீர்மான வேகத்தை எட்டிய தறுவாயில் எச்சரிக்கை ஒலி கேட்டு நிற்க முயன்றது. பத்துப் பிறேக்குகளில் எட்டு முற்றாகச் செயலிழந்தன. விமானம் பாதையைக் கடந்து ஓடிற்று. நல்வினையால் எவரும் இறந்திலர். ஆராய்ந்தபோது தெரிந்த காரணம் எளியது. பிறேக்குத் தட்டுகள் தேய்ந்திருந்தன. ஆயினும் அவை விதிக்கு மாறாகத் தேய்ந்தவை அல்ல; மாற்றவேண்டிய எல்லையை அவை இன்னும் எட்டவில்லை. பிழை விதியிலேயே இருந்தது. இத்தனை தூரத்தில் விமானம் நிற்கும் என்று அத்தாட்சி தந்த பரிசோதனைகள் புதிய பிறேக்குகளைக் கொண்டே செய்யப்பட்டிருந்தன. தேய்ந்த தட்டிற் பொருள் குறைவு. பொருள் குறைந்தால் அது ஏற்கும் வெப்பமுங் குறைவு. அதே சத்தியைக் கொடுத்தால் வெப்பநிலை மிகுதியாக ஏறும். உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் இதனைக் கணித்துச் சொல்லிவிடுவான். ஆயினும் தேய்ந்த பிறேக்குகளைக் கொண்டே பரிசோதிக்க வேண்டும் என்ற விதி வர ஒரு விமானம் பாதையை விட்டு ஓடவேண்டியிருந்தது.

இன்றைய விமானங்களிற் பலவற்றில் ஒவ்வொரு பிறேக்கின் வெப்பநிலையையும் விமானி அறையிற் காணலாம். அது குறித்த அளவுக்கு மேலிருந்தாற் புறப்படாது காத்திருக்க வேண்டும்; ஐயம் எழுந்தால், எழுந்த பின்னருஞ் சில நிமிடங்கள் சக்கரங்களை மடிக்காது காற்றிற் குளிரவிடுவர். சக்கர விளிம்புகளில் தாழ்ந்த வெப்பநிலையில் உருகும் கலப்புலோகத்தாலான சிறு அடைப்புக்கள் உண்டு. வெப்பம் எல்லை மீறினால் அடைப்பு உருகி வாயுவை மெல்ல வெளியே விடும், ரயர் வெடியாது. உருக்குத் தட்டுகளின் இடத்தைப் பல விமானங்களிற் காபன் தட்டுகள் பிடித்துவிட்டன. இவை பாரத்தில் இலேசானவை. மிகுந்த வெப்பத்தையும் தாங்குவன.

புதிய விமானமொன்றுக்கு அத்தாட்சி வழங்குமுன் செய்யப்படும் கடைசிப் பரிசோதனைகளுள் ஒன்று பார்ப்போரை மிரட்டுவது. எல்லைவரை தேய்ந்த பிறேக்குகளைப் பூட்டி, விமானத்தை அதன் முழுப் பாரத்தோடு தீர்மான வேகம்வரை ஓட்டிச் சென்று, பிறேக்கை முற்றாக அழுத்துவார்கள். விமானம் நிற்கும்போது சக்கரங்களின் உள்ளே தட்டுகள் செந்நிறமாய் ஒளிரும், புகை எழும். தீயணைக்கும் வண்டிகள் அருகே ஆயத்தமாய் நிற்கும். ஆனால் ஐந்து நிமிடம் வரை அவை நீர் பாய்ச்சலாகாது என்பது விதி. உண்மை விபத்தொன்றில் உதவி வந்து சேர அவ்வளவு நேரம் செல்லக்கூடும் அல்லவா? அந்த ஐந்து நிமிடத்தினுள் அடைப்புக்கள் ஒவ்வொன்றாக உருக, ரயர்கள் காற்றிறங்கிச் சப்பளிய, அப்பெரிய விமானம் சிறிது சிறிதாகத் தாழ்ந்து நிலத்தில் அமரும். பொறியியலாளர்கள் கையிற் கடிகாரத்தோடு சற்றுத் தொலைவில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள்.